ஏழு பன்னிரண்டு ரயிலும் மைதா மாவும்

பயந்துபோய் ஒளிந்துகொண்டான் என்கிறார்களே, அந்த ஒன்பது நாளில் அவர்களில் யாராவது கிளெம் வொண்ட்ராசெக்கின் வீட்டுக்குள் இருந்தார்களா? ரயில் நிலையத்தில் காபி விற்கிற டாட்டி, கோப்பைக்கு ஒரு தடவை அதையே சொல்கிறாள்: "பொண்டாட்டி கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளலைன்னா மனுஷன் இன்னும் சோபாவுக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருப்பாரு." கேட்பவர்களும் சிரித்துக்கொண்டே சர்க்கரையைக் கலக்குகிறார்கள். கலக்கட்டும். நடந்தது அதில்லை. அவனை யாரும் தள்ளவில்லை. ஊரையே வேண்டுமென்று ரயிலைத் தவறவிட வைத்தான் என்பதும் பொய். சோம்பேறித்தனம் பண்ணினான், அது மட்டும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

கிளெமுக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருஷமாக ஏழு பன்னிரண்டு ரயில், மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம். சிகாகோவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், நசுங்கிப்போன கார்களின் படங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற வேலை. எதிர் இருக்கையில் ஹார்லன் பைக். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே குறுக்கெழுத்துப் புதிரை ஆளுக்குப் பாதியாக நிரப்பி வந்தார்கள். ஆனால் ஹார்லன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று கிளெமுக்குத் தெரியாது. கிளெம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறான் என்று ஹார்லனுக்கும் தெரியாது. அந்த ஊர், பிரையர் குரோவ்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். விடிவதற்குள் கிளம்பி, விளக்கு எரிகிற நேரத்துக்குத் திரும்புகிறவர்கள். எந்த ஊர் என்று கேட்டால் "சிகாகோ பக்கம்" என்பார்கள். சொந்த ஊரின் பெயர் அவர்கள் வாயில் வராது.

அந்தப் பெயரைச் சட்டை முதுகில் எழுதிப் போட்டுக்கொண்டவர்கள் ஒரு நாற்பது பேர்தான், ஊரின் கார் ஓட்டும் சங்கத்தார். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தின் கார் நிறுத்தம் காலியாகக் கிடக்கும். அங்கே ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, வளைத்து நெளித்து ஒரு பாதை போட்டு, ஒவ்வொருவராகக் கார் ஓட்டுவார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். பெரிய கார் எதுவும் இல்லை. கிளெமுடையது பதினெட்டு வயதான சிவப்புக் குட்டிக் கார். சங்கத்தின் தலைவி பெட் கசூபா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊர் மன்றம் கொடுத்த அனுமதிச் சீட்டு அவள் பெயரில் இருக்கிறது.

கூம்பைத் தள்ளினால் நேரத்தில் இரண்டு வினாடி கூடும். ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் மைதா மாவால் ஒரு கட்டம் போடுவார்கள். கூம்பு நகர்ந்தாலும் கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் குற்றமில்லை. பாதையின் இரு ஓரத்துக்கும் மாவுதான் கோடு. ஓட்டி முடித்தவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வளைவில் போய் நிற்க வேண்டும். அடுத்தவன் தள்ளிய கூம்பை நிமிர்த்தி, கையைத் தூக்கிக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். சிநேகிதன், அண்ணன், மாமனார் என்று யாருக்கும் சலுகை கிடையாது. கிளெம் ஒருமுறை பெட்டின் மேலேயே இரண்டு வினாடி போட்டிருக்கிறான். அந்த வருஷத்துக் கோப்பை அதனால்தான் அவளுக்குக் கிடைக்காமல் போனது. அவள் முணுமுணுக்கக்கூட இல்லை.

அக்டோபரில் அந்த ஞாயிறு, மாவு போடும் முறை கிளெமுடையது. போடுகிறவன்தான் கடைசியில் கூட்டவும் வேண்டும். நாற்பது பேரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"மாவைக் கூட்டிட்டுப் போ கிளெம்!" பெட் தன் வண்டியிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள்.

"மழை வருது பெட், அதுவே கழுவிட்டுப் போயிரும்."

"வரலைன்னா?"

"மேகத்தைப் பாரேன், எருமை மாதிரி நிக்குது!"

பெட் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கிளெமும் விளக்குமாற்றைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மழை வரத்தான் செய்தது. பத்து நிமிஷத் தூறல். அது மாவைக் கழுவவில்லை, பிசைந்தது. பிறகு காற்று வந்து காயவைத்தது. திங்கட்கிழமை காலையில் நிறுத்தம் முழுக்க வெள்ளை வெளேரென்று கோடுகள், சாயம் அடித்ததுபோல் இறுகிக் கிடந்தன. ஊர் மன்றம் வேறு, நிறுத்தத்தில் புதுக்கோடு அடிக்கப்போகிறோம் என்று அந்த மாதம்தான் வீட்டுக்கு வீடு கடிதம் போட்டிருந்தது. மங்கல் வெளிச்சத்தில் முதலில் வந்தவர் வெள்ளைக் கோட்டை ஒட்டிக் காரை நிறுத்தினார். அடுத்தவர் அவரைப் பார்த்து நிறுத்தினார். ஏழு மணிக்குள் அறுபது கார் பாம்புபோல வளைந்து நின்றன. நடுவே நுழைந்தவர் முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் வரவும் வழியில்லை.

கிளெம் எப்போதும் நிலையத்துக்கு நடந்து வருகிறவன். மேட்டிலிருந்து அதைப் பார்த்ததுமே தன் மாவுதான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. காதைப் பிளக்கிற ஹாரன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பெட்டியில் பாதி காலி. ரயில் நகரப்போகிற நேரத்தில், கார்களுக்கு நடுவே கழுத்துப்பட்டை பறக்க ஒருவன் ஓடிவந்தான். ஹார்லன். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன். இரண்டு நாள் முன்பு மளிகைக் கடையில் பார்த்தபோது கிளெமின் தோளில் தட்டி, "திங்கக்கிழமை புது வேலை. நம்ம சீட்டை யாருக்கும் விட்டுறாத, வந்துட்டே இருக்கேன்" என்றிருந்தான்.

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹார்லனின் முகம். கிளெம் கையைத் தூக்க நினைத்தான். கை எழவில்லை.

மறுநாளிலிருந்து அவன் இருபது நிமிஷம் காரோட்டி, ஹாலின் பார்க் நிலையத்தில் ரயிலேறினான். ஒளிந்தது அந்த அளவுக்குத்தான். வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். ஹார்லனுக்கு வேலை இருக்கிறதா, முதல் நாளே தாமதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களா? யாரிடம் கேட்பது? போன் நம்பர்கூடத் தெரியாது. தொலைபேசி அடித்தால் எடுக்கவில்லை. வாசலில் கார் மெதுவாகப் போனால் திரையை விலக்கிப் பார்த்தான்.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட் வந்தாள். உட்காரவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் மன்றம் கூடுது. யாரு கூட்டாம விட்டதுன்னு கேப்பாங்க. பேர் வரலைன்னா சங்கத்துக்கே தடை."

"நீ சொல்லிடு பெட். நான்தான்னு சொல்லிடு."

"நான் எப்படிச் சொல்றது? நான் கிளம்பிட்டேன். நீ கூட்டுனியா இல்லையான்னு என் கண்ணால பார்க்கல. பார்க்காததுக்குக் கை தூக்குற பழக்கம் எனக்கில்ல."

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியறது வேற, பார்க்கிறது வேற. என் மேல ரெண்டு வினாடி போட்டப்ப இதைத்தான நீ எனக்குச் சொன்ன, பெரிய நீதிபதி மாதிரி?"

அவள் போன பிறகு அவன் மனைவி ரோவீனா அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கு சூப்பை இறக்கி வைத்தாள். தள்ளியதாகச் சொல்கிறார்களே, அந்த ரோவீனா அன்றைக்குச் சொன்னது இதுதான்:

"நீ போகாத. எல்லாரும் சேர்ந்து உன்னைக் கிழிச்சிருவாங்க. உடம்பு சரியில்லைன்னு நான் போன் பண்ணிடறேன். கூம்பு விளையாட்டு இல்லாட்டி உயிரா போயிரும்?"

கிளெம் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"மன்றத்துக்கு நான் பயப்படல ரோவீனா. அங்க இருக்கறது அஞ்சு பேர், அதுல ஒருத்தர் தூங்குவாரு. மூணாவது பெட்டிக்குத்தான் பயம். அத்தனை பேரும் எனக்கு வணக்கம் சொல்றவங்க. யாருக்கும் நான் யாருன்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை அந்த நாப்பது பேருக்குத்தான் தெரியும்."

"அதுக்கு?"

"அந்த நாப்பது பேரையும் இப்ப நான்தான் தெருவுல விடப்போறேன்."

சூப்பு ஆறியது.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவன் கோட்டைப் போட்டுக்கொண்டான். கார்ச் சாவி மேஜையிலேயே கிடந்தது. ரோவீனா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டம் சாயங்காலம்தானே? சாவி இல்லாம எங்க கிளம்பிட்ட?"

"ஏழு பன்னிரண்டுக்கு."

"பைத்தியமா உனக்கு? ஹாலின் பார்க்ல ஏறிப் போயேன். சாயங்காலம் ஒரேயடியா எல்லாத்தையும் சொல்லிக்கலாம்."

"மன்றத்துல சொன்னா நாளைக்குப் பேப்பர்ல படிப்பான் ஹார்லன். அவன் என் வாயால கேக்கணும். வேலை போயிருந்தா அதையும் அவன் வாயால நான் கேக்கணும்."

"அவன் ரயில்லயே இல்லாட்டி?"

அதுதான் ஒன்பது நாளாக அவனே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

"இல்லாட்டி பெட்டியில இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு, அவன் வீடு எங்கன்னு கேப்பேன். பதினோரு வருஷம் கழிச்சாவது கேக்கறேனே."

"இருந்து, எழுந்து கன்னத்துல ஒண்ணு விட்டான்னா?"

"விட்டான்னா நீ போன் பண்ணு, உடம்பு சரியில்லைன்னு. பொய்யா இருக்காது."

ரோவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வழியை விட்டாள் என்பதுகூடச் சரியில்லை. அவன்தான் அவள் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினான். அவன் கை ஈரமாக இருந்தது என்று பிறகு அவளே சொன்னாள். கதவைத் திறந்து படியிறங்கினான். மூன்றாவது வீட்டுக்கு எதிரே ஒருமுறை நின்றான். குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டினான், கட்டியிருந்ததையே மறுபடி. எழுந்து திரும்பிப் பார்க்காமல் நிலையத்துப் பக்கம் நடந்தான்.