முதல் இருபது பெயர்கள்

இலுப்பைக்கடவைச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் சின்னம்மாவின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. அரச வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தவர்களின் பட்டியல். யாரோ இணையத்தில் பார்த்து அச்செடுத்து ஒட்டி இரண்டு மாதமாகியிருந்தது. கடைசியில் இருந்த இருபதாவது பெயரில் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தியே பிள்ளை, என்ர பேர் இல்லை. நான் சொன்னனான்தானே." தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய நாள் முதல் தகரக் கொட்டிலில் வெந்துகொண்டிருந்தவர், வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ பேசுவது போலச் சொன்னார்.

உண்மையில் பட்டியலில் இருந்தவை நாற்பத்தாறு பெயர்கள். மன்னாரில் இருந்து அந்த இணையப் பக்கத்தைச் செய்தவளே நான்தான். முதலில் இருபது பெயர்கள் மட்டும் தெரியும். கீழே இழுத்தால்தான் மிச்சப் பெயர்கள் வரும்; அச்செடுத்தவர் இழுக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். 'இன்னும் பெயர்கள் உண்டு' என்று ஒரு வரி போடலாம் என்று தோன்றியதுதான். அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன். பெயர்களை வீட்டுத்திட்ட அலுவலகத்துக் கந்தோர்க்காரர்களே ஏற்றினார்கள். பொய்ப் பெயர்களை வைத்துச் சோதித்த நான், உண்மைப் பெயர்களை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

கைபேசியில் பக்கத்தைத் திறந்து கீழே இழுத்தேன். சின்னம்மாவின் பெயர் முப்பத்து மூன்றாவது. பட்டியல் வந்து இரண்டு கிழமைக்குள் கந்தோருக்கு நேரில் போய்க் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளில் விடுபட்ட மற்றவர்கள் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்துத் தங்கள் பெயர்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். "நீங்கள் ஏன் போய்க் கேக்கேல்லை?" என்று கத்தினேன்.

"நீ செய்த பக்கமெல்லே. சொந்தக்காரி வந்து நிக்கிறா எண்டு கதைச்சா உனக்குத்தானே கரைச்சல். நீ பிழை விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்."

மறுநாள் கந்தோருக்கு ஓடினேன். "திகதி முடிஞ்சுது தங்கச்சி, வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றார் அதிகாரி. கோப்பைத் திருப்பிக் காட்டினார். சின்னம்மாவின் பெயருக்கு எதிரே 'வீட்டை ஏற்க விருப்பமில்லை' என்று எழுதியிருந்தது. அதை மாற்றச் சொல்லி நான்கு கடிதம் கொடுத்தேன். பதிலில்லை. பக்கத்தைத் திருத்த எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதை நினைத்தால் இன்றும் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இப்போது பட்டியல் முழுவதும் ஒரே தடவையில் வருகிறது. போன மாதம் புதியது வெளிவந்தது. இந்த முறை ஒவ்வொரு பெயராகப் படித்தேன். விருப்பமில்லை என்று எழுதப்பட்டவர்களை அதில் சேர்க்கவில்லை; சின்னம்மாவின் பெயரும் இல்லை. சின்னம்மாவிடம் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்றால் அது பொய்; பயம்தான். ஞாயிறு பூசை முடிந்து தொலைபேசியில் கேட்டார்: "புதுசு வந்திட்டுதாமே. ஊரில எல்லாரும் போய்ப் பாக்கினம். நான் போகேல்லை. நீ பாத்துச் சொன்னாக் காணும், எனக்கு அது போதும்."

"பாக்கிறன் சின்னம்மா" என்றேன்.