தாலாட்டு ஊற்றிய கெட்டி ஆயில்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் தூங்கிப்போவார்கள். ரயிலைப் பிடிக்கப் பதறியடித்து ஏறியவர்கூட முதல் திருப்பம் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலையைச் சாய்த்துவிடுவார். பிரேக்கை மிதிக்கிறாரா, தடவுகிறாரா என்றே தெரியாது. “அண்ணே, டாக்ஸி போர்டை எடுத்துட்டு லாட்ஜ் போர்டு மாட்டுங்க” என்று மற்ற டிரைவர்கள் வாருவார்கள். அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை.

மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபிறகுதான் அந்தப் பெருமைக்கு உண்மையான வேலை வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடிந்ததும் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டுக் கட்டிலில் அவளுக்குத் தூக்கம் என்பதே கிடையாது. கால் குடையும், உடம்பு அரிக்கும். சிகிச்சை முடிந்து திரும்பும்போது பின்சீட்டில்தான் கண் மூடுவாள். மலைமேல் ஏரியைச் சுற்றிப் போகும் சாலை அது. பனிமூட்டத்தில் தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. மேகத்துக்குள் ஓட்டுவதுபோல அவர் ஓட்டுவார். அவள் வாயைத் திறந்துகொண்டு, மூக்குக்கண்ணாடி சரிய, உலகை மறந்து தூங்குவாள். அந்த நேரம் அவருக்கு எல்லாமே சரியாகிவிட்டது மாதிரி இருக்கும்.

ஆனால் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. மேல்பக்கம் எங்கேயோ டிக் டிக் என்று ஓயாத சத்தம். ஒருநாள் சிக்னலில் வண்டி நின்றபோது அவள் விழித்துக்கொண்டாள். இந்தப் பாழாய்ப்போன சத்தம்தான் எழுப்பிவிட்டது என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார்.

மனைவியின் தம்பி பக்கத்துத் தெருவில் மெக்கானிக். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவன் வேண்டாம் என்பான் என்று தெரிந்தேதான் இவர் கேட்கவில்லை. நேராக ஆயில் கடைக்குப் போய், “இருக்கறதுலயே கெட்டியா ஒண்ணு குடுங்க” என்று 20W-50 வாங்கிவந்து, பழையதை வடித்துவிட்டுத் தானே ஊற்றினார். டிக் டிக் அடங்கியது. வண்டி மூச்சுவிடுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதி.

அதன்பிறகு அவள் வாய் மூடி, கண்ணாடி நலுங்காமல், போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி தூங்கினாள். தூக்கம்கூட அழகாகிவிட்டதே என்று ரியர்வியூ கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போனார். இவரைப்போல ஒரு வெகுளியை எங்கே போய்த் தேடுவது!

குளிர் இறங்கியது. ஒரு காலை சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி திருப்பினார். முனகல்கூட இல்லை. பின்சீட்டில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. இன்றைக்குத் தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும்.

போன் போட்டதும் மச்சினன் தன் வண்டியில் பறந்துவந்தான். அவன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்ததும், எழுப்பிவிடப்பட்ட கோபத்தோடு எஞ்சின் உறுமியது. ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தவன் முகம் மாறியது. “மொதல்ல போய்ட்டு வாங்க. அப்புறம் பேசிக்கிறேன்” என்றான். தாமதமானாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் மச்சினனின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்கள். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சூடாக இருந்த எஞ்சினிலிருந்து ஆயிலை வடித்தான் தம்பி.

“மச்சான், உங்களுக்கு அறிவிருக்கா? W-க்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல ஆயில் எப்படி ஓடும்னு சொல்றது. பின்னாடி நம்பர், சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. இந்தக் குளிர்ல 20 போட்டா தேனாட்டம் கெடக்கும். கிழட்டு பேட்டரி எஞ்சினை எப்படிச் சுத்தும்?”

“சத்தம் போட்டுச்சு மாப்ளே. உங்கக்கா தூக்கம் கெட்டுச்சு.”

“அது வயசான சத்தம், வியாதி இல்ல.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “வண்டி புக்ல 5W-30ன்னு இருக்கு, 5W-40ம் போடலாம்னு இருக்கு. 40 போடவா? குளிர்லயும் சட்டுனு ஏறும், சத்தமும் கொஞ்சம் குறையும்.”

“குறைய வேணாம்” என்றாள் அவள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்த டிக் டிக் கேட்டுட்டே இருந்தாத்தாங்க எனக்குத் தூக்கம் வரும். வண்டி ஓடுது, நீங்க ஓட்டறீங்க, நான் ஒண்ணும் பாத்துக்க வேணாம்னு இருக்கும். அன்னிக்கு சிக்னல்ல வண்டி நின்னுச்சு, முழிச்சேன். அவ்வளவுதான்.”

“அப்ப இத்தனை நாளா?” என்றார் தாலாட்டு.

“கண்ணை மூடிட்டு சும்மா உக்காந்திருந்தேன். கண்ணாடியில என்னைப் பாத்துப் பாத்து அப்படிச் சந்தோஷப்பட்டீங்க. எப்படிச் சொல்றது?”

ஊரையெல்லாம் தூங்கவைத்தவர், தன் பெண்டாட்டி தூங்குகிறாளா நடிக்கிறாளா என்று பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறார். வெட்கத்தில் எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மச்சினன் 5W-30 டின்னைத் திறந்தான்.

மதியமாகியும் ஏரிச் சாலையில் பனி விலகவில்லை. டிக் டிக், டிக் டிக். முதல் வளைவில் அவள் கண்ணாடி சரிந்தது. அடுத்த வளைவில் வாய் திறந்துகொண்டது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவிக்குக் கை கொண்டுபோனவர் தயங்கினார். அணைத்தால் சத்தம் நின்றுவிடும். கையை எடுத்துக்கொண்டு, கியரை மெல்ல மாற்றி, மறுபடியும் ஏரிப் பக்கம் திரும்பினார்.