சித்திரையில் குரங்குக் குல்லா

எங்கள் ஸ்ரீரங்கத்தில் மார்கழிக் குளிருக்குத்தான் ஆண்கள் குரங்குக் குல்லா மாட்டுவார்கள். என் மகள் தன் அப்பாவின் குல்லாவைச் சித்திரை வெயிலில் கேட்டாள். எதற்கு என்றதும் செல்போனில் வீடியோ காட்டினாள். ரஷ்யாவில் சில பெண்கள் முகம் தெரியாதபடி கலர் கலராகக் குல்லா மாட்டி, பொது இடத்தில் கிடாரோடு அரசாங்கத்தை எதிர்த்துக் கத்தினார்கள்.

"இது பாட்டாடி?"

"இதுக்கே ஜெயில்ல போட்டாங்கம்மா."

மறுநாள் பாலம் தாண்டி மார்க்கெட்டுக்குப் போனேன். வெங்காயக் கடை முன்னால் மூன்று குல்லாக்கள் பிளாஸ்டிக் வாளியைத் தட்டி, "பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் எங்கே?" என்று கத்தின. ஒரு குல்லாவின் உச்சியில் நான் போட்ட பச்சைத் தையல்.

போலீஸ்காரர் வந்துவிட்டார். "குல்லாவக் கழட்டுங்கம்மா. யார் வீட்டுப் பொண்ணுங்க நீங்க?"

வெங்காயக்காரம்மா எழுந்து முந்தானையால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

"விடிகாலைலேர்ந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம் சார். நாங்க யார் வீட்டுப் பொண்ணுங்கன்னும் கேளுங்க."

பக்கத்துக் கடைக்காரம்மாவும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அந்த வரிசைப் பெண்கள் எல்லாரும் மூடிக்கொண்டார்கள். போலீஸ்காரர் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

நானும் முந்தானையை இழுத்துக்கொண்டேன். வாசலைத் தாண்டி என் குரல் கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். முகம் மறைந்ததும் தொண்டை திறந்துகொண்டது.

நான் பாடினேனா, கத்தினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.