ஆற்றங்கரையில் இரண்டு பானை

செப்டம்பர் பிறந்ததும் ஜப்பானில் எங்கள் யமகாதா ஊரின் மளிகைக்கடை வாசல்களில் விறகுக்கட்டு ஏறிவிடும். பெரிய பானைகளை இரவலாகவும் தருவார்கள். தெருத்தெருவாக மமிகசாகி ஆற்றுப்படுகையில் இறங்கி, கல்லடுப்பு கூட்டி, இமோனிக் குழம்பு கொதிக்க வைப்போம். சேப்பங்கிழங்கு, மாட்டிறைச்சி, கொன்யாகு என்னும் கிழங்குமாவுக் கட்டி, வெங்காயத்தாள், சோயா சாஸ். எங்கள் தெருவில் பானை தெருச் சங்கத்துக்குச் சொந்தம். அகப்பை மட்டும் சலவைக்கடை நோபுயேவுக்கு.

நோபுயே பிறந்தது இரண்டு தெரு தள்ளி. வாழ்க்கைப்பட்டது இங்கே. தேனிலவுக்குப் பக்கத்து ஊரான செண்டாய்க்குப் போனவள், அங்கே இமோனியில் மிசோ என்னும் புளித்த சோயா விழுதைக் கலக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டாளாம். அவளுக்கு எல்லார் மேலும் பொறாமை உண்டு. எதிர்க்கடைக்காரியின் நீராவி இஸ்திரிப் பெட்டி மேல், அடுத்த வீட்டு முள்ளங்கி ஊறுகாய் மேல். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நின்றபோதுகூட, "உனக்கென்ன, சுத்துறதுக்குக் கால் இருக்கு. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள். எத்தனையோ ஊர்களில் பொறாமைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இவளைப் போல ஒளிவுமறைவில்லாமல் பொறாமைப்படுகிறவளைப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பாய்க்கடைக்கு மருமகள் வந்திருந்தாள். பெயர் மாதோகா. கடலோரத்து சகாதாக்காரி. சங்கக் கூட்டத்தில் எழுந்து, தானும் ஒரு சின்னப் பானை வைக்கலாமா என்று கேட்டாள். சங்கத் தலைவர், மதுக்கடை ஒனுமா, நோபுயேவின் முகத்தைப் பார்த்தார்.

"தாராளமா வையேன். பன்றி சூப்பு உடம்புக்கு நல்லதுதானே" என்றாள் நோபுயே.

"அது எங்க ஊரு இமோனி, அக்கா."

"பன்றி, மிசோ. எங்க ஊர்ல அதுக்குப் பேரு பன்றி சூப்புதான்மா."

எல்லாரும் சிரித்தார்கள். மாதோகாவும் சிரித்தாள். அதுதான் நோபுயேவுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் இரண்டு அடுப்பு எரிந்தது. காற்று மாதோகா பக்கமிருந்து வீசியது. புது மருமகளாயிற்றே என்று மரியாதைக்காக முதலில் இரண்டு பேர் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. நான் நோபுயேவுக்கு வெங்காயத்தாள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"யாரு யாரு அங்க நிக்கிறாங்க, பாரு."

"ஒனுமா அண்ணன், பேங்க்காரர், பல் டாக்டர் வீட்டம்மா..."

"கையில பெரிய கிண்ணமா, சின்னக் கிண்ணமா?"

"பெருசு."

அகப்பை பானை விளிம்பில் ஒருமுறை தட்டியது.

"அப்புறம் தெய்ஜி அண்ணனும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

தெய்ஜி அவள் கணவர். நாளெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர். சாப்பாட்டைப் பற்றி நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிண்ணம் காலியானால் அதுதான் பாராட்டு என்று நோபுயேவே முடிவு செய்துகொண்டிருந்தாள். அந்த மனிதர், கற்களுக்கு அந்தப் பக்கம் நின்று, எங்களுக்கே கேட்கும்படி சொன்னார்: "ரொம்ப ருசியா இருக்கு."

நோபுயே பையைத் திறந்தாள். மசாலாக் கட்டிப் பெட்டியைக் கிழித்து, அத்தனையையும் பானைக்குள் கொட்டினாள். கிழங்கும் இறைச்சியும் தீர்ந்து, அடியில் சாறு மட்டும் மிஞ்சும்போது, உடோன் நூடுல்ஸோடு சேர்த்துப் போடுவது அது. அப்போது பானை நிறைய இருந்தது. ஒருவர்கூட ஒரு கிண்ணம் வாங்கியிருக்கவில்லை.

மசாலா வாசனை எழும்பியதும் கூட்டம் ஓடிவந்தது. அவள் நினைத்தது நடந்தது, ஆனால் வேறு மாதிரி.

"ஐயோ நோபுயே! என்னம்மா பண்ணிட்டே?" ஒனுமா சாப்பாட்டுக் குச்சியும் கையுமாகப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "இமோனி எங்கே?"

"நீங்கதான் அங்க சாப்பிட்டுட்டிருந்தீங்களே."

"அதை ருசி பார்த்துட்டு இங்கதானே வர இருந்தோம்! கடைசியா சாப்பிடுறதுதானே நாக்குல நிக்கும்!" என்றார் பேங்க்காரர். அது நிஜமா, வாய்க்கு வந்ததா என்று தெரியவில்லை. நோபுயே நம்பினாள். முகம் இன்னும் கறுத்தது.

ஆக, அன்று எங்கள் தெருவுக்கு இமோனி என்று மிஞ்சியது சகாதாக்காரியின் சின்னப் பானை மட்டும்தான். மாதோகா ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து நோபுயேவிடம் நீட்டினாள்.

"அக்கா, பன்றி சூப்பு."

கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். மரியாதையா குறும்பா, எனக்குப் பிடிபடவில்லை. நோபுயே ஒரு கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அடிவரை சாப்பிட்டாள். நன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருப்பாள்.

தெய்ஜி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட சொல்லாத வார்த்தை, அவகிட்ட எப்படி வந்துச்சு?"

"வேற வீட்டுச் சாப்பாடு. சொல்லாட்டி நல்லா இருக்காது."

"நம்ம வீட்டுது?"

அவர் காலிக் கிண்ணத்தை நீட்டினார். நோபுயே மசாலாக் குழம்பை உடோனோடு ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார், இன்னொரு வாய்.

"உப்பு கம்மி" என்றார்.

நோபுயே அவரையே பார்த்தாள். "அவளோடதுல உப்பு எப்படின்னு ஏதாவது சொன்னீங்களா?"

"அடுத்த வீட்டுக்காரங்ககிட்ட அதெப்படிச் சொல்றது? இல்ல."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

நோபுயே எழுந்தாள். பாய்க்கடை மருமகள் பக்கம் ஜெயித்தவள் மாதிரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சோயா சாஸ் புட்டியைத் திறந்தாள்.