சத்தம் போடாத பம்பு

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார்; எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவார். கல்யாணமாகி வந்த முதல் வருடத்திலேயே எங்கள் வீட்டு மிக்சி மூன்று முறை பிரிந்து சேர்ந்தது. மூன்று முறையும் குற்றவாளி என் அண்ணன்தான்.

அண்ணி வேலை பார்த்தது மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில். விற்பது என்றால், கப்பலில் வரும் பெட்டியைப் பிரித்து, எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி, மறுபடி மூடுவது. அங்கேதான் நான் வேன் ஓட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டச் சேர்ந்த அண்ணி மெல்ல ரிப்பேர் மேசைக்கு நகர்ந்துவிட்டார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை ஒன்று உண்டு. கட்டில் கால்மாட்டில் தொங்கும் சின்ன பம்பு, அதில் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும். அந்த பம்புதான் அண்ணியின் மேசைக்கு அடிக்கடி வரும். உள்ளே ஒரு ரப்பர் துண்டு கிழிந்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளிக்குப் புண் வந்துவிடும்.

“ஒரு ரப்பர் துண்டுக்குக் கடல் தாண்டணுமா சார்? பம்பையே நாம செய்யலாம்,” என்று முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றார் அண்ணி.

முதலாளி கெட்டவரில்லை, பயந்தவர். “ஒரே ஒரு ஆஸ்பத்திரிம்மா. ஒரு வார்டுல வச்சுப் பாப்போம். வேணாம்னு சொல்லிட்டா அதோட மூட்ட கட்டிடணும். மறுபடி ஸ்டிக்கர்தான்.”

கிடங்கின் ஒரு மூலையில் அண்ணியும் ஐந்து பெண்களும் பம்பு செய்ய உட்கார்ந்தார்கள். வெளிநாட்டு பம்பு உறுமும். அதன் பக்கத்தில் தூக்கமில்லாமல் விழித்துக் கிடந்தவர்களை ரிப்பேருக்குப் போன இடமெல்லாம் அண்ணி பார்த்திருந்தார். அதனால் தன் பம்பு வாயே திறக்கக்கூடாது என்று முடிவு கட்டினார். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தார். கண்ணைக் குத்தும் என்று பம்பின் விளக்கைக்கூட எடுத்துவிட்டார். கடைசியில் ஓடுகிற பம்பில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது. அண்ணி முகத்தில் பெருமை வழிந்தது. எனக்கும்தான், சும்மா சொல்லக்கூடாது.

பம்புகளை வார்டில் மாட்டிவிட்டு வந்த மறுவாரமே பெரிய சிஸ்டர் போன் செய்தார். அந்த வார்டையே கட்டி மேய்ப்பவர் அவர்.

“உங்க பம்பு அடிக்கடி நின்னுபோகுது. மெத்தையெல்லாம் காத்து இறங்கிக் கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க.”

முதலாளி ஸ்டிக்கர் ரோலைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஐந்து பெண்களும் கைவேலையைப் போட்டுவிட்டு அண்ணியையே பார்த்தார்கள்.

“வண்டிய எடு தம்பி,” என்றார் அண்ணி.

வார்டில் ஒவ்வொரு பம்பாகத் திறந்து பார்த்தார். பழுது எதுவுமில்லை. மூடி மாட்டி, எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்தார். முதல் கட்டிலில் குனிந்து பம்புக்குக் காது கொடுத்தார். சத்தமில்லை. “யாரு இத ஆஃப் பண்ணது?” என்று பட்டனை அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பம்பு அப்போதுதான் நின்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பாத்தீங்களா அண்ணி! ஓடுறத அவங்களே நிறுத்திட்டு நம்ம மேல பழியப் போடுறாங்க. நாலு வார்த்த கேட்டுட்டு வரேன்.”

“ஒக்காரு. தப்பு என் மேல. கேக்க சத்தமும் இல்ல, பாக்க வெளிச்சமும் இல்ல. ஓடுதா நின்னுச்சான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதையே பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொல்லி, இன்னொரு வாய்ப்பு கேட்டார். தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ளும் கம்பெனியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. “ஒரே தடவதான்,” என்றார்.

“கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி பண்ணிட்டா போச்சு!” என்றார் கிடங்கில் முதலாளி. அண்ணி பார்த்த பார்வையில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். பம்பின் முகப்பில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே காற்றில் சுற்றும் சிவப்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார் அண்ணி. ஓடினால் சுற்றும்; வார்டு வாசலில் நின்றாலே தெரியும். பட்டனையும், அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும்படி மாற்றினார்.

மாட்டிவிட்டு வந்தோம். போனே வரவில்லை. அண்ணி அந்த நாட்களில் எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றினார். ஒருவழியாகப் பெரிய சிஸ்டர் கூப்பிட்டார். “ஒரு புகார் இருக்கு. நேர்ல வாங்க.”

மதிய நேரம். வார்டு முழுக்கச் சிவப்புச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் நல்ல தூக்கம், ஒருவரைத் தவிர. அவர் பக்கத்துக் கட்டிலைக் கையால் காட்டி முறைத்தார். அங்கிருந்து குறட்டை தூள் பறந்தது.

“அதான் புகார்,” என்றார் சிஸ்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இத்தன நாளா மெஷின் சத்தத்துல இது யாருக்கும் கேக்கல. மத்த வார்டுக்கெல்லாம் எப்ப குடுப்பீங்க?”

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தூங்குகிறவர்களை எழுப்பாமல் இருவரும் பூனை மாதிரி நடந்து வெளியே வந்தோம். வேன் பக்கத்தில் வந்ததும் அண்ணி கிடங்குக்குப் போன் போட்டார்.

“ஏ பொண்ணுங்களா! எல்லா வார்டுக்கும் நம்ம பம்புதான்டீ!”

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பதறி ஓடி வந்தார். எங்கள் அண்ணி கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.