பொட்டு வைத்த மிஷினும் காய்ந்துபோன சவ்வும்

வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் கிணறு முழுக்க உப்பு. அதிகம் கரண்ட் தின்னாமல் உப்புத் தண்ணீரைப் பாசனத்துக்கு மாற்றித் தரும் மிஷின் ஒன்று திருச்சியில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் கிளம்பினேன். வாங்கலாமா என்று பார்க்கத்தான் போனேன். வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை, அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் தங்கினேன். காலை ஆறரைக்கு ஆட்டோ பிடித்து, கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு வந்தேன், நூற்றைம்பது ரூபாய். "துறையூர் பஸ்ஸு சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயே ரொம்பிடும்ங்க, நின்னுக்கிட்டுதான் போகணும்" என்றார் டிரைவர். மிஷினை ஏற்கெனவே வாங்கிய ஒருவரின் தோட்டத்தைப் பார்க்கத் திருவெள்ளறைக்கு அப்படித்தான் போனேன். திருவெள்ளறையில் இறங்கினால் பெருமாள் கோயிலை விட்டுவிடாதீர்கள், ஆனால் மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு அந்தத் தோட்டக்காரர் குமரேசன் பைக்கில் வந்தார். அவரும் அவர் மனைவி செல்வியும் அரை ஏக்கரில் குண்டுமல்லி போட்டிருக்கிறார்கள். பூ ஸ்ரீரங்கம் மார்க்கெட்டுக்குப் போகிறது, குடும்பமே அதை நம்பித்தான். போர்வெல் தண்ணீர் உப்பாக மாறி இலை ஓரம் கருக ஆரம்பித்ததும், கையில் இருந்ததைப் போட்டு அந்த மிஷினை வாங்கியிருக்கிறார்கள்.

மிஷின் என்றால் மலைக்க வேண்டாம். குழாய்க்குள் சுருட்டிவைத்த ஒரு சவ்வுதான் அதன் உயிர். சவ்வுக்கு ஒருபுறம் போர்த் தண்ணீர், மறுபுறம் கெட்டியாகக் கரைத்த உரம். தண்ணீர் தானாகவே சவ்வைத் தாண்டி உரத்தின் பக்கம் போகும், உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடும். வீட்டு ஆர்.ஓ. மாதிரி அழுத்திப் பிழிகிற பம்ப் தேவையில்லை. நீர்த்த உரத்தில் மழைத் தண்ணீர் கலந்து செடிக்கு விடலாம். குடிக்கக் கூடாது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் போனபோது மிஷின் நின்றிருந்தது. மேலே சந்தனம், குங்குமம், வாடிய மாலை.

"ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழுவுறோம்ல, அதே மாதிரி தண்ணிய வடிச்சு, மெம்ப்ரேனை வெளிய எடுத்துத் தொடச்சு, பொட்டு வச்சோம்" என்றார் செல்வி. "வெயில்லகூட வைக்கலைங்கக்கா. நெழல்லதான் காய வச்சோம். நாலு நாள் கழிச்சு மாட்டுனா சொட்டுத் தண்ணி தாண்டலை."

அந்தச் சவ்வு காயவே கூடாது. காய்ந்தால் அதன் நுண்துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், திரும்ப நனைத்தாலும் பழையபடி திறக்காது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. லேத்திலிருந்து அரிவாள்மணை வரை துடைத்துப் பொட்டு வைக்கிற ஊரில் ஒரு பொருளை விற்க வருகிறவனுக்கு, பூஜை அன்றைக்கு அதை என்ன செய்வார்கள் என்று யோசிக்கத் தோன்றாதா?

மதியமே மூவரும் தில்லை நகரில் இருக்கும் விற்பனை அலுவலகத்துக்குப் போனோம். ஏ.சி. நன்றாக இருந்தது. மேனேஜர் காபி வரவழைத்துவிட்டு, "கஸ்டமரே காய வச்சதால வாரண்டி வராதுங்க. புக்குல தெளிவா போட்ருக்கு" என்று முழு ஆங்கிலப் புத்தகத்தின் நாற்பதாவது பக்கத்தைக் காட்டினார்.

செல்வி அதைப் பார்க்கவில்லை. மேனேஜருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எங்க தோட்டம்தானே சார்?"

அதேதான். குழாய் திறந்து கிடக்கிறது, வெளியே எடுத்த சவ்வுக்குப் பொட்டு வைத்திருக்கிறது, பக்கத்தில் கம்பெனி சட்டை போட்ட ஆள் பூசணிக்காயோடு சிரிக்கிறார்.

"உங்க சர்வீஸ் ஆளுதான் சார் வந்து பூசணிக்கா ஒடச்சாரு. பொங்கல் சுண்டல் சாப்ட்டுட்டுப் போனாரு. அவருகூட சொல்லலையே" என்றார் செல்வி.

மேனேஜர் போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். "மேலிடத்துல பேசுறேன்ங்க" என்றார். உங்கள் ஆள் கண்ணெதிரே செத்த சவ்வுக்கு இவர்கள் எப்படிப் பொறுப்பு என்று கேட்டேன். காபி ஆறுகிறது என்றார்.

நான் மிஷின் வாங்கவில்லை. தொழில்நுட்பத்தின் மீது எனக்குக் குறையில்லை, ஓடியவரை மல்லி நன்றாகவே பூத்திருக்கிறது. நீங்கள் பார்க்கப் போவதாக இருந்தால் அலுவலகத்துக்குப் போகாதீர்கள், வாங்கியவர்களின் தோட்டத்துக்குப் போங்கள். பத்து நாள் ஊருக்குப் போனால் சவ்வை எதில் ஊறவைப்பது, மாற்றுச் சவ்வு யார் தருவார்கள் என்று கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று செல்வி போன் செய்தார். வேறு வழியில்லாமல் போர்த் தண்ணீரையே பாய்ச்சி, கருகிய இரண்டு வரிசையைப் பிடுங்கிவிட்டார்களாம். கம்பெனி ஆள் வந்தாரா என்று கேட்டேன். வந்தாராம். சவ்வு கொண்டுவரவில்லை. 'எப்போதும் ஈரமாக வைக்கவும்' என்று தமிழில் அச்சடித்த ஸ்டிக்கரை மிஷின் மேல் ஒட்டிவிட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம்.