வாயைப் பூட்டியது பிசாசு அல்ல

கட்டிலில் என் மனைவி ரூத். தலைமாட்டில் சபை மூப்பர் தேவசகாயம். கால்மாட்டில் அவர் சம்சாரம் எஸ்தர் அக்கா. சுவரோரம் நான். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ், 1971 ஜூலை, ஒரு வியாழக்கிழமை காலை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளைச் சாகடிக்கப் பார்த்தோம். சபையாரே, மெல்லச் சொல்ல எனக்கு வராது.

முந்தின வாரமே அவளுக்குத் தொண்டை வலி, ஜுரம். வலி வலது பக்கம் மட்டும். காது வரைக்கும் குத்தியது. புதன்கிழமை வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேச்சு குழறியது. எச்சிலை முழுங்க முடியாமல் வழியவிட்டாள்.

மூப்பர் வந்து பார்த்தார். "தம்பி, இது ஊமை ஆவி. ஜெபத்துல வாயத் தொறக்க விடமாட்டேங்குது பாரு" என்றார். மூன்று நாள் உபவாசம் போட்டார். நோயாளிக்கும் சேர்த்து. தண்ணீர்கூடக் கிடையாது. நான் சரி என்றேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட் இறுகினால் எண்ணெயாவது விட்டுப் பார்ப்பேன். பெண்டாட்டி தாடை இறுகியதற்கு அதுகூடச் செய்யவில்லை.

வியாழக்கிழமை அவள் மூச்சில் கரகரவென்று சத்தம் வந்தது. மூப்பர் இன்னும் உரக்க அதட்டினார். "பேரைச் சொல்லு! யார் நீ?" ரூத் என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் பொங்கியது. மூப்பர் மேல், என் மேல், ஆண்டவர் மேலும். "பாத்துக்கிட்டுத்தானே இருக்கீர்? கண்ணு தெரிஞ்ச ஒரு ஆளையாவது அனுப்பும்!" என்று கத்தினேன். அந்த வாரம் நான் செய்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான்.

கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஹசீனா பீ. ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடித்துத் தூங்க வந்தவள், சண்டைக்கு வந்து நின்றாள்.

"கைக்கு இந்தக் கூச்சல், எதுக்கு? மனுஷங்க தூங்க நக்கோவா, வேணாமா?"

"பிசாசு விரட்டுறோம். நீ போ ஹசீனா பீ" என்றார் எஸ்தர் அக்கா.

அவள் போகவில்லை. அலமாரியில் இருந்த என் டார்ச்சை எடுத்து, ரூத்தின் வாய் இடுக்கில் அடித்தாள். "உள்நாக்கு இடது பக்கம் தள்ளிக்கிட்டு நிக்குது. வலது பக்கம் சீழ் கட்டியிருக்கு. பேரு கேட்டீங்களே பெரியவரே, இதான் பேரு." என் பக்கம் திரும்பினாள். "என்ன பாக்குறே அண்ணே? தூக்கு!"

ரிக்‌ஷாவில் கொண்டுபோனோம். டாக்டர் தொண்டையை மரத்துப்போகச் செய்து, ஊசியால் சீழை உறிஞ்சினார். பிறகு கீறிவிட்டார். அறை முழுக்க நாற்றம். கொஞ்ச நேரத்தில் ரூத் வாய் திறந்து, "தண்ணி" என்றாள். தாமதித்திருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்றார் டாக்டர்.

ஞாயிறு ஆராதனையில் மூப்பர், உபவாசத்தால் ஆவி ஓடிற்று என்று அறிவித்தார். நான் எழுந்து நின்று, இல்லை என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. வேண்டாம். அவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. என் மேலும்தான்.

ஆண்டவர் மேல் இருந்தது ஆறிவிட்டது. கேட்டேன், அந்த நிமிஷமே அனுப்பினார். நம் சபையிலிருந்து அனுப்பவில்லை. அது அவர் இஷ்டம். அவருக்கே ஸ்தோத்திரம். நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் ஒரு பக்கம் தொண்டை வலித்து, வாய் திறக்காமல், எச்சில் வழிந்தால் ஜெபத்தை ரிக்‌ஷாவில் வைத்துச் செய்யுங்கள்.

இப்போது காலனியில் யாருக்கு அப்படி வந்தாலும் நானே போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிறேன். யார் தடுத்தாலும் நிற்பதில்லை.

இதுவரை ஆறு பேர்.